பழைய ரயில் தடத்தில் 8 கி.மீ., அங்கிருந்து இறங்கினால் சின்ன அருவி: 4 மணி நேரம் போதுமா?

தூறல்

தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு நடைபாதை ஆக்கிய பழைய ரயில் தடம். தொடக்கத்திலிருந்து 8 கி.மீ. நடந்தால் இடப்பக்கம் ஒரு கிளைப்பாதை பிரியும். அதில் 700 மீட்டர் இறங்கினால் அருவி. உயரம் 9 மீட்டர்தான், அடியில் ஒரு மடு. வரைபடப்படி தடம் அந்த 8 கி.மீ.யில் 140 மீட்டர் ஏறுகிறது, கிளைப்பாதை 110 மீட்டர் இறங்குகிறது. நடுவில் 400 மீட்டர் நீளத்தில் வளைந்த டன்னல் ஒன்று, இரும்புப் பாலம் ஒன்று.

போவது மூன்று பெரியவர்கள், பத்து வயதுப் பையன் ஒருவன். ரயில் போன இடம் சமதரை மாதிரிதானே இருக்கும் என்று போக 2 மணி, வர 2 மணி எனக் கணக்கு வைத்து, மதியம் 2 மணிக்குக் கிளம்பலாமா? அன்று சூரியன் மறைவது 6:15. செருப்பு, தண்ணீர், விளக்கு பற்றியும் சொல்லுங்கள்.

மைல்கல்

இருட்டிவிடும். மாலை மங்கும்போது அருவியிலிருந்து மேலே ஏறித் தடத்தைத் தொட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். அப்புறம் 8 கி.மீ. பாக்கி, அதில் ஒரு டன்னல்.

ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்னும் உதவும்: மணிக்கு 5 கி.மீ., அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். உங்கள் 140 மீட்டருக்கு 14 நிமிடம். ஆனால் பத்து வயதுப் பையனோடு மணிக்கு 5 கி.மீ. வராது, 3.5 வைத்துக்கொள்ளுங்கள்.

தடத்தில் போக: 2 மணி 30 நிமிடம்
கிளைப்பாதை இறங்க: 25 நிமிடம்
அருவியடியில்: 45 நிமிடம்
திரும்ப ஏற: 35 நிமிடம்
தடத்தில் திரும்ப: 2 மணி 15 நிமிடம்
போகும்போது 10, வரும்போது 10 நிமிட ஓய்வு

மொத்தம் 6 மணி 50 நிமிடம். 2 மணிக்குக் கிளம்பினால் வந்து சேர இரவு 8:50.

கிளம்பும் நேரத்தைவிட முக்கியம் திரும்பும் நேரம். அதைப் பின்னாலிருந்து போடணும். மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், 5:15-க்குத் தொடக்கத்தில் இருக்கணும் என்றால் கிளை பிரியும் இடத்தை 2:50-க்கு விடணும். அப்படியென்றால் அருவியடியிலிருந்து 2:15-க்குக் கிளம்பணும். இந்த 2:15-ஐ நால்வரும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். காலை 8-க்குக் கிளம்பினால் 11:05-க்கு அருவி, நிதானமாக இருக்கலாம்.

இன்னொன்று: 12:30 ஆகியும் கிளை பிரியும் இடம் வரவில்லை என்றால் அருவியை விட்டுவிட்டு அங்கேயே திரும்புங்கள். அந்த நேரத்துக்கு வரவில்லை என்றால் கூட்டத்தில் யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம். இறங்கி ஏறுவதற்கு அவருக்குக் கால் இருக்காது.

ஜல்லிக்கல்

"சமதரை மாதிரி"ன்னு சொன்னதுல பாதி சரி. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல பிடிப்பில்லாம சுத்தும், அதனால பொதுவா 2 சதவீதத்துக்கு மேல சரிவு வைக்க மாட்டாங்க. உங்களோடது 1.75. கண்ணுக்குச் சமமாத் தெரியும், மூச்சுக்குத் தெரியாது, கெண்டைக்காலுக்கு மட்டும் மூணாவது கிலோமீட்டர்ல தெரியும். அமெரிக்காவுல கிரேட் அலெகனி பாஸேஜ்னு சுமார் 240 கி.மீ. தடம் இருக்கு. அதுல கம்பர்லேண்ட்லேர்ந்து நீர்ப்பிரிமேடு வரைக்கும் 38 கி.மீ.யில 500 மீட்டருக்கு மேல ஏறுது, ஆனா எங்கேயும் 2 சதவீதம் தாண்டாது. மேடே இல்லைன்னு நினைச்சு வேகமாப் போறவங்கதான் அங்க பாதியில உட்கார்ந்துடுவாங்க.

முதல்ல பார்க்க வேண்டியது தரை. மூணு வகை இருக்கும்.

ஒண்ணு, கல் தூள் போட்டு உருளை ஓட்டினது. ஓடுற ஷூவே போதும்.

ரெண்டு, தண்டவாளமும் அதைத் தாங்குற கட்டையும் எடுத்துட்டு ஜல்லியை அப்படியே விட்டது. 25 மி.மீ.லேர்ந்து 60 மி.மீ. வரைக்கும் கூர்முனைக் கல். ரயிலுக்குக் கீழ ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நிக்கணும்னே அப்படி உடைச்சது. உங்க கால் எடைக்குக் கோக்காது, உருளும். 8 கி.மீ.யும் இதுதான்னா மைல்கல் போட்ட கணக்கோட போக வர மொத்தம் 40 நிமிஷம் சேர்த்துக்குங்க. ஓரமா நடந்தா கல் குறைவா இருக்கும்னு தோணும். ஓரம் சரிஞ்சு இருக்கும், கணுக்கால் அங்கதான் மடங்கும். நடுவுல போங்க.

மூணு, கட்டையை எடுக்காம விட்டது. கட்டைக்குக் கட்டை 60 முதல் 65 செ.மீ. பெரியவங்க ஒரு எட்டு 70, 75 செ.மீ. ஒவ்வொரு கட்டையா மிதிச்சா எட்டு குறுகும், ஒண்ணு விட்டு ஒண்ணு மிதிச்சா எட்டாது. ஒரு கி.மீ.யிலேயே இடுப்பு வலிக்கும். பையனுக்கு மட்டும் அது சரியா அமையும், அவன் உங்களைவிட வேகமாப் போவான்.

எந்த வகைன்னு வரைபடத்துல தெரியாது. தடத்தை நிர்வகிக்கிறவங்க பக்கத்துல "சைக்கிளுக்கு ஏற்றது"ன்னு போட்டிருந்தா முதல் வகை.

தூறல்

முதல் 5 கி.மீ. கல் தூள், மிச்சம் ஜல்லி என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பூட்ஸ் வேண்டுமா?

ஜல்லிக்கல்

3 கி.மீ.தானே ஜல்லி. போக 8 நிமிஷம், வர 8 நிமிஷம் சேர்த்தா போதும். கனமான பூட்ஸ் வேண்டாம். அடி கெட்டியா இருக்கிற டிரெயில் ஷூ, கட்டைவிரலால அடியை அழுத்தினா கல் குத்தாத அளவுக்கு. மொத்த 16 கி.மீ. தடத்துல 10 கி.மீ. கெட்டித் தரை. பூட்ஸோட எடை அதுலதான் தெரியும்.

நிழல்மரம்

பூட்ஸ் விஷயத்தில் மாற்றுக் கருத்து. தடத்துக்கு டிரெயில் ஷூ சரி. ஆனால் கிளைப்பாதை 700 மீட்டரில் 110 மீட்டர் இறக்கம், அதாவது சராசரி 16 சதவீதம். ஈரக் களிமண், வேர், இலைச்சருகு. கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ் அங்கே உதவும்.

ஜல்லிக்கல்

கணுக்காலைப் பிடிக்கிறது வழுக்குறதைத் தடுக்காது நண்பரே. வழுக்குறதைத் தடுக்கிறது அடியில இருக்கிற பல். 4, 5 மி.மீ. ஆழம், பல்லுக்குப் பல் இடைவெளி இருந்தா களிமண் ஒட்டாம உதிரும். தேய்ஞ்ச பூட்ஸைவிடப் புது டிரெயில் ஷூ மேல். பாசிப் பாறையில ரெண்டும் வழுக்கும், அதுல சண்டையே இல்ல.

கொப்புளம்

ஷூ எதுவானாலும், ரயில் தடத்தில் கால் கெடுவதற்குக் காரணம் வேறு. மலைப்பாதையில் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும். இங்கே 8 கி.மீ.க்கு ஒரே மாதிரி, அதாவது காலுக்கு ஆறாயிரம் அடிபோல, ஒரே இடத்தில் உரசல். மூன்று இடம் போகும்: குதிகாலின் பின்பக்கம், சுண்டுவிரல் ஓரம், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு.

கிளம்பி 20 நிமிடத்தில் ஒருமுறை நின்று லேஸை மறுபடி கட்டுங்கள். கால் சூடாகி வீங்கிய பிறகுதான் சரியான இறுக்கம் தெரியும். எங்காவது சூடாக, குத்துகிற மாதிரி இருந்தால் கொப்புளம் வரும் முன்பே டேப் ஒட்டணும். ஈரத்தைத் துடைத்து, டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டி, சுருக்கம் இல்லாமல். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிய டேப்பை மாலை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். காட்டன் காலுறை வேண்டாம். கிளை பிரியும் இடத்தில் மாற்று ஜோடி போடுங்கள், கழற்றியதைப் பைக்கு வெளியே கட்டிக் காயவிடுங்கள்.

இறங்கும் முன் லேஸில் ஒரு வேலை: விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் வளைவில் இறுக்கமாக ஒரு முடிச்சு போட்டு, அதற்கு மேலே கட்டுங்கள். இல்லாவிட்டால் 700 மீட்டரும் விரல் நுனி ஷூவின் முன்சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும். நகம் கறுப்பது அதனால்தான்.

மதகு

தடத்தில் யாரும் பார்க்காத ஒரு இடம் மதகுப்பாலம். ஓடை தடத்தைக் கடக்கிற இடமெல்லாம் மண்கரைக்கு அடியில் கல்லாலோ குழாயாலோ ஒரு வழி விட்டிருப்பார்கள். மேலே நடக்கிறவருக்குத் தெரியாது. ரயில் ஓடிய காலத்தில் ஆள் வைத்துச் சுத்தம் செய்தார்கள், இப்போது பல இடங்களில் யாரும் இல்லை. கல் இணைப்புகளில் சுண்ணாம்பு கரைந்து, அதன் வழியே கரையின் பொடிமண் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் போய்விடும். மேல்பரப்பு அப்படியே இருக்கும், கீழே பொந்து.

அடையாளம்: சுற்றிலும் காய்ந்திருக்க, நடுவில் தட்டு மாதிரி குழிந்து ஈரமாக ஒரு இடம். அல்லது நீர் வெளியேறும் பக்கத்து ஓரத்தில், புல் நடுவே, கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. புல்வேர் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். அங்கே ஓரமாக நின்று ஓடையை எட்டிப் பார்க்காதீர்கள், பையனையும் விடாதீர்கள். எதிர் ஓரமாகத் தாண்டிப் போங்கள்.

கன மழைக்குப் பிறகு மேல்பக்கம் குளம் மாதிரி நீர் கட்டியிருந்தால் மதகு அடைத்திருக்கிறது. அந்தக் கரை அப்போது அணை. அணையாகக் கட்டியதில்லை. தாண்ட வேண்டாம், திரும்புங்கள்.

தூறல்

இது தெரியாது. நன்றி. டன்னலுக்கு போன் டார்ச் போதாதா?

மைல்கல்

போதாது. 400 மீட்டர், அதுவும் வளைவு. நடுவில் இரண்டு வாயும் தெரியாது. ஆளுக்கு ஒன்று, தலையில் கட்டுகிற டார்ச். 100 லூமன் போதும், 400 லூமன் போட்டால் ஈரச் சுவர் பளபளத்துக் கண்ணைக் கூசும். போன் மாற்றாக இருக்கட்டும், பேட்டரி அழைப்புக்கு வேண்டும்.

வாய்க்குள் நுழைந்ததும் இருபதடி தள்ளி நின்று அரை நிமிடம் பொறுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். ஓரத்தில் வடிகால் ஓடும், பல இடத்தில் மூடி இருக்காது. நடுவில் நடக்கணும். சைக்கிள் எதிரே வந்தால் சுவரில் ஆள் நிற்கிற அளவுக்கு மாடங்கள் இருக்கும், ரயில் வரும்போது தொழிலாளர்கள் ஒதுங்குவதற்கு வைத்தது. அதில் நுழையும் முன் தரையில் வெளிச்சம் அடியுங்கள், அங்கும் வடிகால் போகலாம்.

உள்ளே வெளியைவிடக் குளிரும். வேர்த்த சட்டையோடு போனால் நடுங்கும், மேலே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட டன்னல் என்றால் இது இன்னும் கடுமை. அமெரிக்காவில் ஐடஹோ, மொன்டானா மாநில எல்லையில் ஹயவாத்தா தடத்தின் செயின்ட் பால் பாஸ் டன்னல் 2.7 கி.மீ., அங்கே விளக்கு இல்லாமல் விடமாட்டார்கள்.

கிளம்பும் முன் டன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரேட் அலெகனி தடத்தில் பிக் சாவேஜ் டன்னல் 1 கி.மீ., பனிக்காலத்தில் உறைநீர் சுவரைப் பிளக்காமல் இருக்க இரண்டு பக்கமும் கதவு போட்டு மூடிவிடுவார்கள். மூடிய டன்னலுக்கு மேலே ஏறிக் கடக்கலாம் என்று சிலர் போவார்கள், வாய்க்கு மேலே உள்ள சரிவு உதிர்பாறை. வேண்டாம்.

கொப்புளம்

இரும்புப் பாலம் பற்றி ஒரு வரி: பலகைத் தளம் ஈரமானால் ஐஸ். பலகையின் நீளவாக்கில் கால் வைக்காமல் குறுக்காக வைத்தால் இடைவெளிகள் பிடிப்பு கொடுக்கும். ஊன்றுகோலை அங்கே தூக்கிக்கொள்ளுங்கள், முனை இடுக்கில் மாட்டும்.

பச்சைக்கண்

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. உட்கார இடம் தேடிப் பழைய ஸ்லீப்பர் கட்டை மேல் உட்காராதீர்கள். மரக்கட்டைக்கு கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெயிலில் கசியும், துணியில் ஒட்டினால் போகாது, தோலில் எரியும். அந்தக் கட்டையை எடுத்து அடுப்பு மூட்டுவது அதைவிட மோசம், புகை நஞ்சு. நீராவி எஞ்சின் காலத்துச் சாம்பல், களைக்கொல்லியில் இருந்த ஆர்செனிக் என்று தடத்து மண்ணில் பலதும் தங்கியிருக்கும். நடந்து போவதால் ஒன்றும் ஆகாது. மண்ணில் விளையாடிய கையோடு பையன் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். கை துடைக்கிற ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்துக்காகத் தடத்தோரப் பள்ளத்துத் தண்ணீரை வடிகட்டிக்கூடக் குடிக்க வேண்டாம். கையடக்க வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், கரைந்த ரசாயனத்தைப் பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. எடுத்தே ஆகணும் என்றால் ஓடை தடத்தைத் தொடும் முன், மேல்பக்கத்தில் எடுத்துக் கொதிக்கவிடுங்கள், தளதளவென்று ஒரு நிமிடம்.

மணிக்கு அரை லிட்டர் கணக்கில் ஏழு மணி நேரத்துக்குப் பெரியவருக்கு மூன்றரை லிட்டர். வெயில் என்றால் கூடும். பையனுக்கு இரண்டு லிட்டர் வையுங்கள், அவனைத் தூக்கச் சொல்லாதீர்கள். தாகம் என்று சொல்லட்டும் என்று காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருதரம் நீங்களே நீட்டுங்கள்.

தூறல்

மொத்தம் 12 லிட்டருக்கு மேல். கிளை பிரியும் இடத்தில் பாதியை வைத்துவிட்டு இறங்கலாமா?

பச்சைக்கண்

திரும்பும் பங்கில் பாதியை வைக்கலாம், முழுசாக வேண்டாம். உணவு வாசனை இல்லாத தனிப்பையில், தரையில் வைக்காமல் தொங்கவிட்டு. யாராவது எடுத்துப்போனாலும் வீடு சேருகிற அளவுக்குக் கையில் இருக்கணும்.

ஓடைக்கரை

அருவியைப் பற்றி வருவோம். ரயில் தடத்தோரம் அருவிகள் ஏன் சின்னதாகவும் பக்கவாட்டிலும் இருக்கின்றன என்று புரிந்தால் அங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்பதும் புரியும்.

ரயில் போட்டவர்கள் பெரிய ஆற்றைப் பிடித்துக்கொண்டே போவார்கள், மென்சரிவை ஆறே அறுத்து வைத்திருக்கிறது என்பதால். பக்கத்து ஓடைகளுக்கு அந்த அறுக்கும் பலம் இல்லை. பெரிய ஆறு ஆழமாக இறங்கிவிட, ஓடை உயரத்திலேயே நின்று கடைசியில் குதித்துச் சேர்கிறது. யாகாகெனி ஆற்றோரம் ஓஹையோபைல் ஊர் வழியே அலெகனி தடம் போகிறது, அங்கே குக்கம்பர் அருவி என்று ஒன்று. பக்க ஓடை ஆற்றைச் சேரும் முன் கிட்டத்தட்ட 9 மீட்டர் விழுகிறது. உங்களுடையதும் அந்த ரகம்தான்.

சின்ன ஓடை என்றால் சின்ன நீர்ப்பிடிப்பு. மழை விட்டு ஒரு நாளில் அழகாக இருக்கும், மழையில்லாமல் இரண்டு வாரம் போனால் பாறையில் ஈரக்கோடு மட்டும். அதே காரணத்தால், மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் கீழே நிமிடக் கணக்கில் ஏறும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், ஓடை பிறக்கிற மேட்டில் கறுத்திருக்கலாம். தெளிந்த நீர் தேநீர் நிறமாகிறது, சருகும் குச்சியும் மிதந்து வருகிறது, இரைச்சல் கனமாகிறது: மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பையை எடுக்காமல்கூட மேலே ஏறுங்கள். வந்த வழி ஓடையைக் கடக்கிறது என்றால் கடக்காதீர்கள், உயரமான கரையில் காத்திருங்கள். சின்ன ஓடை ஏறிய வேகத்தில் இல்லாவிட்டாலும் சீக்கிரம் இறங்கும்.

அடியில் எங்கே நிற்கலாம் என்பதைப் பாறையின் நிறம் சொல்லும். கறுத்து மினுங்கினால் பாசி. வெளிறிய சாம்பல், சொரசொரப்பு, காய்ந்தது: கால் வைக்கலாம். பச்சைப் பாசிமெத்தை மேல் வைக்காதீர்கள், வழுக்கும், மெத்தையும் உரிந்துவிடும். விழும் நீருக்கு நேர் கீழே தலை காட்ட வேண்டாம். 9 மீட்டரிலிருந்து முஷ்டி அளவு கல் விழுந்தால் மணிக்கு 45 கி.மீ.க்கு மேல் வேகம், நீர் இரைச்சலில் சத்தம் கேட்காது.

அருவியின் உதட்டுக்கு, அதாவது நீர் குதிக்கிற மேல்விளிம்புக்கு, மேலே போகாதீர்கள். விபத்து பெரும்பாலும் அங்கே. கால் முழங்கால்கூட நனையாத நீர்தான், வழவழப்பான சாய்பாறை, பிடிக்க ஒன்றும் இருக்காது.

நிழல்மரம்

மடுவில் குளிக்கலாமா? பையன் கேட்பான்.

ஓடைக்கரை

விழும் இடத்தில் வேண்டாம். நுரை நீரில் காற்று கலந்திருக்கும், மிதக்கும் திறன் குறைவு, நீந்தத் தெரிந்தவரையும் கீழே இழுக்கும். அருவியின் அடிப்பாறை உள்ளே குடைந்திருக்கும், அதில் மரக்கட்டை சிக்கிக் கிடக்கலாம். ஆழத்தைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள்: நேர் மேலிருந்து பார்த்தால் 2 மீட்டர் ஆழம் ஒன்றரை மீட்டராகத் தெரியும். மடு வடிந்து கூழாங்கல் மேல் ஓடுகிற வாய்ப்பக்கம், முழங்காலுக்குக் கீழே, பெரியவர் ஒருவர் கீழ்ப்புறம் நின்றால் போதுமான விளையாட்டு. குதிக்கவே கூடாது.

பையனுக்கு வேறு வேலை கொடுங்கள், அருவியை அளக்கச் சொல்லுங்கள். கையை நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு தூரமோ அதே நீளக் குச்சியை நேராகப் பிடிக்கணும். குச்சியின் அடி அருவியின் அடியோடும் நுனி உதட்டோடும் ஒட்டித் தெரிகிற வரை பின்னால் நகரணும். நிற்கும் இடத்திலிருந்து அருவியடிக்கு எத்தனை மீட்டரோ கிட்டத்தட்ட அதுதான் உயரம்.

நீரளவும் பார்க்கலாம். ஓடை சீராக ஓடுகிற இடத்தில் அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 15 செ.மீ., ஒரு இலை 5 மீட்டரை 10 நொடியில் கடக்கிறது என்று வையுங்கள். 2 × 0.15 × 0.5 = 0.15 கன மீட்டர். மேற்பரப்பு வேகம் எப்போதும் அதிகம் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் நொடிக்கு சுமார் 130 லிட்டர். இரண்டு முறை அளந்து, இரண்டாவது கூடினால் கிளம்புங்கள்.

ஒளிவட்டம்

படம் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக: மேகமூட்ட நாள் நல்லது, வெயிலில் நீர் வெளுத்துப் போகும். பட்டுத்துணி மாதிரி வேண்டுமென்றால் ஷட்டர் அரை நொடி, நீர் நாராகத் தெரியணும் என்றால் எட்டில் ஒரு நொடி. ஸ்டாண்ட் கால்களைக் கல்லின் மேல் வையுங்கள், ஓடும் நீருக்குள் வைத்தால் அதிரும். போலரைசர் ஈரப்பாறையின் மினுக்கத்தைக் குறைக்கும், வெளிச்சத்தையும் ஒன்றரை ஸ்டாப் போல, அதாவது சுமார் மூன்றில் ஒரு பங்காக, குறைக்கும். லென்ஸைத் துடைக்க இரண்டு துணி, ஒன்று நனைந்தே போகும்.

மதகு

ஒரு பின்குறிப்பு. தடத்துக்கு நேர் மேலே வெட்டுச் சுவரிலிருந்து விழுகிற எல்லாம் இயற்கை அருவி இல்லை. ரயிலுக்காகப் பாறையை நேராக வெட்டியபோது ஓடையின் சரிவும் வெட்டுப்பட்டிருக்கும். சுவரில் வரிசையாகத் துளைத் தடங்கள், பாதி வெட்டிய குழாய் மாதிரி, தெரிந்தால் அது வெடிவைத்துப் பிளந்த சுவர். அதன் அடியில் உதிர்கல் எப்போதும் விழும். நின்று பார்க்காமல் போய்விடுங்கள்.

வண்டிச்சக்கரம்

இரண்டாவது கி.மீ.யில் தடம் பெரிய வளைவு எடுக்கும் என்று வரைபடத்தில் பார்த்தேன். பக்கத்தில் ஓடுகிற லைன் ஒன்று குறுக்கே போகிறது. அதில் நடந்தால் ஒன்றரை கி.மீ. மிச்சமாகுமே?

மைல்கல்

ஓடுகிற லைனில் கால் வைக்காதீர்கள், குற்றம் என்பது ஒரு பக்கம். ரயில் தண்டவாளத்தைவிடப் பக்கத்துக்கு சுமார் ஒரு மீட்டர் வெளியே நீண்டு வரும். வருகிற ரயிலின் சத்தம் பல நேரம் கிட்ட வந்த பிறகுதான் காதில் விழும். ஓட்டுநர் பார்த்தாலும் நிற்க ஒரு கிலோமீட்டர், அதற்கு மேலும் ஆகும். வெட்டிலும் பாலத்திலும் ஒதுங்க இடமே இல்லை. ஒன்றரை கி.மீ. என்பது 25 நிமிடம். காலை 7:30-க்குக் கிளம்புங்கள், அது வந்துவிடும்.

தூறல்

குறுக்கு வழி இல்லை. 7:30-க்குக் கிளம்புகிறோம், ஆளுக்கு ஒரு டார்ச், 2:15-க்கு அருவியை விடுகிறோம். கடைசிக் கேள்வி: கிளைப்பாதைக்குப் பலகை இருக்குமா தெரியவில்லை. வரைபடத்தில் 8 கி.மீ. ஆனால் தடத்தோரம் கல்லில் 61 என்று போட்டிருக்கிற படம் பார்த்தேன். எதை நம்புவது?

மைல்கல்

கல்லில் உள்ளது லைன் தொடங்கிய ஸ்டேஷனிலிருந்து எண்ணியது, உங்கள் நடையின் தொடக்கத்திலிருந்து இல்லை. அதுவும் மைலா கி.மீ.யா என்று பார்க்கணும். நடக்கும்போது முதல் கல்லின் எண்ணையும் அடுத்த கல்லுக்கு எத்தனை நிமிடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதிலேயே தெரிந்துவிடும். போனில் தூரம் பார்ப்பதானால் டன்னலிலும் ஆழமான வெட்டிலும் சிக்னல் தாவும், அரை கி.மீ. வரை கூட்டிக் காட்டும்.

அதைவிட நம்பகமானது ஓடை. அருவி எந்த ஓடையிலோ அது தடத்தைக் கடந்தே ஆகணும். வரைபடத்தில் உயரக்கோடுகள் ஓடையின் குறுக்கே நெருங்கி நிற்கிற இடம் அருவி. அந்த ஓடை தடத்தைத் தொடும் இடத்தில் எத்தனையாவது பாலமோ மதகோ என்று எண்ணி வையுங்கள். பாலங்களில் எண் தகடு இருக்கும். கடந்த ஒவ்வொரு எண்ணையும் படம் எடுத்துக்கொண்டே போங்கள். யாராவது விழுந்தால் உதவி கேட்டு அழைக்கும்போது "அருவிப் பக்கம்" என்று சொல்வதைவிட அந்த எண் வேலை செய்யும். தடம் வரை வண்டி வரும், கீழே 700 மீட்டரை ஸ்டிரெச்சரில் தூக்கித்தான் வரணும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஆள் கணக்குப் பார்த்து வருவார்கள்.

ஜல்லிக்கல்

அருவி ஓடையோட பாலத்தைத் தாண்டி 200 மீட்டர் போயும் கிளை வரலைன்னா திரும்பி மெதுவா வாங்க. ஜல்லி நடுவுல மட்டும் மண் படிஞ்சு, ஓரப் புல் மிதிபட்டு ஒரு இடம் சாய்ஞ்சு இருக்கும். போகும்போது கண்ணுல படாது, வரும்போதுதான் படும்.